கோல் கோட்டுச் சுண்ணாம்பு

எங்கள் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குடை கொண்டு வருவதில்லை. ஐப்பசி மழையிலும் நனைந்துகொண்டுதான் நிற்போம். முன்பு கொண்டு வந்துகொண்டிருந்தோம். ஒரு பெனால்டியை நடுவர் கொடுக்க மறுத்த சாயங்காலம் அத்தனை குடைகளும் மைதானத்துக்குள் இறங்கின. லைன்ஸ்மேன் ஒருவரின் தோளில் ஒரு குடைக்கம்பி ஏறி நின்றது. அவர் அதைத் தானே பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தக் கம்பிக்காவே நான் கொடியத் தூக்கிட்டு ஓடுனேன்?" என்று கேட்டார். கேட்ட கையோடு மயங்கி விழுந்தார். அதற்கப்புறம் வாசலில் குடையைப் பிடுங்கி வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு நாங்களே கொண்டு வருவதை விட்டுவிட்டோம்.

இந்த மாதிரிப் பேச்சுகள் எனக்கு மறக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வண்ணார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வாசிக்கப் பழகியது கடைக்கு வந்த பழைய பேப்பர்களில், பேசப் பழகியது மைதானத்தில். நாற்பது வருஷமாக ஒரே கிளப்பின் ஆட்டத்தைக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். என் குரல் ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும் என்பார்கள். இப்போது மைதானத்தில் நான் வாய் திறப்பதில்லை. கேட்பவர்களிடம் தொண்டையில் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

ஒரு மனிதனின் இடது கண்ணில் நான் சுண்ணாம்பை வீசினேன். அதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் கிளப் பெரிய கிளப் ஒன்றும் இல்லை. மில்காரர்களும் அச்சாபீஸ்காரர்களும் கோர்ட் குமாஸ்தாக்களும் சேர்ந்து ஆரம்பித்தது. பச்சைச் சட்டை. மாவட்ட லீக்கில் முதல் பிரிவு. கோப்பை வாங்கியது குறைவு, அடி வாங்கியதும் கொடுத்ததும் அதிகம். ஒரு முறை எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுடைய முழங்காலில் எதிரணிக்காரனின் பல் ஒன்று பதிந்து நின்றது. ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல பையன் அவன். பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மறுநாள் உரியவனிடம் கொடுக்கப் போனான். கொடுத்த இடத்தில் அவனுடைய இரண்டு பற்கள் போயின. "நீயும் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போ" என்றார்களாம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. ரத்தம் வந்த கதைகள்தான் எங்களிடம் நல்ல கதைகள். அப்படிச் சொல்வதிலேயே ஏதோ கெட்டுப்போயிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மைதானத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. கோடு போடுவது. கடற்கரையில் சிப்பி சுடும் காளவாசலிலிருந்து சுண்ணாம்பு வரும். கல்லு கல்லாக இருக்கும். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தரையில் கொட்டித் தண்ணீர் தெளிப்பேன். உடனே கொதிக்க ஆரம்பிக்கும். ஆவி பறக்கும், கல் வெடித்து மலர்ந்து மாவாகும். அடுப்பில்லாமல் கொதிக்கிற அந்த வேகத்தைப் பார்த்தவன் வாழ்நாளில் சுண்ணாம்பின் பக்கம் ஈரக் கையோடு போக மாட்டான். இரண்டு நாள் ஆறப்போட்டுச் சலித்து, அடியில் ஓட்டை போட்ட டின்னில் நிரப்பி, கயிறு கட்டிய நேருக்குத் தட்டிக்கொண்டே போவேன். கோல் கோட்டை மட்டும் கையால் போடுவேன். அது சண்டை வருகிற கோடு. பந்து உள்ளே போயிற்றா இல்லையா என்று நூறு பேர் வந்து குனிந்து பார்க்கிற கோடு. விரற்கடை கூடக் கோணக் கூடாது.

இடைவேளையில் அழிந்த இடங்களைத் திரும்பப் போட வேண்டும். அதனால் கயிற்றுக்கு உள்ளே, கோல்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், வாளியோடு நிற்க எனக்கு மட்டும் அனுமதி. இருபத்தைந்து வருஷமாக அந்த இடம் என்னுடையது.

பிறகு புரவலர் வந்தார். மனை விற்கிறவர். கிளப் நொடித்துக் கிடந்தது, அவர் கையைக் கொடுத்தார் என்பது உண்மைதான். கொடுத்த கையால் பச்சைச் சட்டையைக் கழற்றினார். ஆரஞ்சும் கறுப்புமாக ஒன்று வந்தது. முதுகில் ஆட்டக்காரன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பைபாஸ் அருகில் மனைகள்' என்று இருந்தது. என்னோடு எப்போதும் நிற்கிற ஒரு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் உண்டு. அவர் முதல் நாளே சொன்னார்: "பதினோரு பேரும் முதுகக் காட்டிட்டு ஓடுதானுவ. வெளம்பரம் நல்லாத் தெரியுது."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மைதானத்தின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர். கார்னர் கிக் எடுக்கும்போது சினிமாப் பாட்டு. பந்து எங்கே போகிறது என்று மைக்கில் ஒருவன் நமக்கே சொல்லுவான். எங்கள் பகுதிப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு ஒருவனாக வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. 'ஏலே எட்டாம் நம்பரு' என்று கத்துவோம், எட்டாம் நம்பர் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வாரம் எட்டாம் நம்பர் வேறு ஆள். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையிலிருக்கும் போனில் சீமை ஆட்டம் பார்த்தார்கள். கோல் என்று குதிப்பான். நம் ஆட்டத்திலா என்று பார்த்தால் அங்கே எங்கேயோ விழுந்த கோல்.

தோற்றோம். சாதாரணமாகத் தோற்கவில்லை, ஐந்து, ஆறு என்று வாங்கினோம். கண்டக்டர் பேச்சும் கூர்மையாகிக்கொண்டே போயிற்று. "அது பாஸ் இல்லவே, தபால். போட்டுருக்கான், என்னைக்குப் போய்ச் சேருமோ." சிரிப்போம். வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்று வந்து கடை ஸ்டூலைச் சுவரில் அடித்து உடைத்தேன். இன்னொரு நாள் பார்சல் வாங்கி வந்த பரோட்டாவைச் சால்னாவோடு சேர்த்து வாசலில் எறிந்தேன். என் மனைவி நடுவில் வர மாட்டாள். "ஆட்டம் இருக்குத அன்னைக்குக் கண்ணாடிச் சாமான எல்லாம் பரண்ல ஏத்திருதேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் ஏரல் அணியோடு. டிரா செய்தால் போதும், முதல் பிரிவில் இருப்போம். தோற்றால் கீழே. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து கீழே போனதில்லை. அந்த ஒன்றுதான் எங்களிடம் பாக்கி இருந்தது.

கீப்பர் கடற்கரை ஊரிலிருந்து வந்தவன். அந்த வருஷத்தின் மூன்றாவது கீப்பர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வள்ளத்தில் வேலை, லீவு போட்டுவிட்டு ஆட வருவான். நெஞ்சில் சிலுவை போட்டு, இரண்டு போஸ்ட்டையும் தொட்டுக் கும்பிடுவான். அன்று நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கோட்டக் கொஞ்சம் தடிப்பாப் போடுங்க. திரும்பிப் பாக்க நேரம் இருக்காது. பூட்ஸுக்கு அடியில தெரியணும்."

அத்தனை வருஷத்தில் என் கோட்டைக் காலால் பார்க்கிற கீப்பர் இவன் ஒருவன்தான். இன்னொரு கை அள்ளிப் போட்டேன். அவனுக்கு வலது கையில் உறை மாட்டியே இருந்தது. இடது கையால்தான் கும்பிட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன், மனதில் வாங்கவில்லை.

சுண்ணாம்பும் அன்று சரியில்லை. சுண்ணாம்பு வாங்குவதையும் புரவலரின் ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை அன்று காலையில்தான் வந்து இறங்கியது. தண்ணீர் தெளித்து, மலர்ந்தது பாதி மலராதது பாதியாக அவசரத்தில் சலித்தேன். மத்தியானம் வாளியைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே மலராத குறுணை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான்கு மணி வெயில். இரண்டாம் பாதியில் எங்கள் கீப்பர் மேற்கே பார்த்து நின்றான். ஏரல்காரர்கள் அடித்த முதல் கோல் அவன் வலது கையில் பட்டு உள்ளே போனது. கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஆட்கள் எப்படியோ தலையால் முட்டி ஒன்றைத் திருப்பினார்கள். ஒன்றுக்கு ஒன்று. தொண்டை கிழியக் கத்தினேன். ஐந்து நிமிஷம் பிடித்தால் போதும். கண்டக்டர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றார்.

அப்போது பாதி மைதானத்திலிருந்து ஒருவன் சும்மா தூக்கி அடித்தான். பால்வாடிப் பிள்ளை பிடிக்கிற பந்து. கீப்பர் வலது பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கைக்குள் போய், கூடைக்குள் ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒழுகி, நான் தடிப்பாகப் போட்ட கோட்டைத் தாண்டி உருண்டு வலையில் நின்றது.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "வித்துட்டான்லே."

"போன்ல ரேட்டு ஏறிருக்கு பாரு. எல்லாம் பேசி வச்சிருக்கானுவ."

எங்கள் ஆட்டத்துக்கெல்லாம் யார் பந்தயம் கட்டப்போகிறார்கள் என்று யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. கயிறு அறுந்தது. எதிர்ப்பக்கம் ஏரல்காரர்கள் இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஒருவன் கார்னர் கொடியைப் பிடுங்கிக் கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்துக்கொண்டே போனான். வேறொருவன் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தூக்கி இன்னொருவன் காலில் போட்டான்; பாட்டு நிற்காமல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பாடிக்கொண்டே இருந்தது. நடுவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்த, வேனின் கண்ணாடி உடைந்து கொட்டியது. தலை உடைந்த ஒருவன் ரத்தத்தை வழித்து வழித்து எறிந்துகொண்டே இன்னொருவனைத் துரத்தினான்.

கீப்பர் கோல் கோட்டின்மேல் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கவில்லை. அவனுக்கு மிக அருகில் இருந்தவன் நான். வாளியோடு கோட்டைத் தாண்டி அவனுக்கு முன்னால் போய் நின்றேன்.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எழுத மாட்டேன். அவனைப் பெற்றவளைப் பற்றி, அவனோடு பிறந்தவளைப் பற்றி. அந்தக் குரல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கினான். வெயில் அவன் கண்ணில் அடித்தது. நான் அள்ளி வீசினேன்.

வீசியதற்கு அப்புறம்தான் என் உள்ளங்கை சுட்டது.

அவன் கத்திய கத்தலில் எங்கள் கோபம் அறுந்து விழுந்தது. அவனைச் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர் விலகினார்கள். அவன் கோட்டின்மேல் உருண்டான். முகமெல்லாம் வெள்ளை, வியர்வை பட்ட இடமெல்லாம் குழைந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்து கொஞ்சம் ஊற்றினார். கீப்பர் இன்னும் பயங்கரமாக அலறினான். நான் அந்தப் பாட்டிலைக் கையோடு தட்டிவிட்டேன்.

"தண்ணி ஊத்தாதிய. கொதிச்சிரும். கண்ணு வெந்துரும்."

"பொறவு என்னதாம்வே செய்ய?"

"எண்ணெ. தேங்காண்ணெ கொண்டாங்க. யாராவது கடைக்கு ஓடுங்கலே."

சுண்ணாம்பு விஷயத்தில் என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. இருபத்தைந்து வருஷம் அதோடு கிடந்தவன். ஒருவன் கடைக்கு ஓடினான். தண்ணீரோடு வந்த இன்னும் இரண்டு பேரை நான்தான் விரட்டினேன். கீப்பர் கண்ணைக் கசக்கப் போனான், அவன் இரண்டு கையையும் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். வலது கையை அழுத்தியபோது அவன் வேறு மாதிரிக் கத்தினான். அப்போதும் விடவில்லை. கூட்டத்தில் எவனோ ஒருவன் அவன் விலாவில் மிதித்தான். நான் குறுக்கே கவிழ்ந்து அந்த மிதியை வாங்கினேன். காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். எண்ணெய்க்காகக் காத்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு பாதி வந்துவிட்டது.

அப்போது ஒரு பெண் வந்தாள். என்னைவிட உயரம். என் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கைய எடும்."

"தண்ணி ஊத்தக் கூடாதும்மா. சுண்ணாம்பு—"

"சுண்ணாம்பப் பத்தி எனக்குச் சொல்லுதீரா? எங்க பொழப்பே காளவாசல்ல. தெனம் ஒருத்தி கண்ணுல விழுது. தண்ணியில போட்டு முக்கி எடுப்போம். கைய எடும்ங்கேன்."

நான் எடுக்கவில்லை. கொதிக்கும், கொதிக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைக் கடித்தாள். தோல் பிய்ந்து வந்தது. விட்டேன். ஆட்டக்காரர்கள் குடிக்க வைத்திருந்த பெரிய வாட்டர் கேனைத் தூக்கி வந்து, மூடியைப் பல்லால் பிய்த்து, அவன் தலையைத் தன் தொடையில் சாய்த்து, இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். அவன் திமிறினான். அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு ஊற்றினாள். ஒரு கேன் முடிந்து இன்னொரு கேன். முந்தானை நுனியைத் திரித்து இமைக்குள் விட்டு ஒரு குறுணையை எடுத்துத் தரையில் தேய்த்தாள். "இந்தா பாரும்" என்று எனக்குக் காட்டினாள். அரிசி நொய் அளவு. அது அவ்வளவு நேரமும் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவன் கண்ணுக்குள் இருந்திருக்கிறது.

எண்ணெய் வாங்கப் போனவன் அப்போதுதான் பாக்கெட்டோடு திரும்பி வந்தான்.

அவள் கீப்பரின் அக்கா. தம்பி ஆடுவதைப் பார்க்க முதல் தடவையாகப் பஸ் ஏறி வந்தவள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நானும் போனேன், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. அங்கே வலது கை உறை கழற்ற வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினார்கள். நடு இரண்டு விரலும் வீங்கி, கறுத்து, ஒன்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலை இழுக்கும்போது மூன்று நாள் முன்னால் கயிற்றில் மாட்டியதாம். கட்டுப் போட்டால் ஆட விட மாட்டார்கள் என்று உறையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் விற்றுவிட்டான் என்ற பந்து ஏன் கையிலிருந்து ஒழுகியது என்று அப்போது தெரிந்தது.

வலது கண் பிழைத்தது. இடது கண்ணைப் பார்த்த டாக்டர், "உடனே தண்ணி ஊத்தியிருக்கணும். ஏன் இவ்வளவு நேரம் விட்டீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். அந்த வராந்தாவில் நான், அந்தப் பெண், கண்டக்டர் மூன்று பேர்தான் நின்றோம்.

எப்படி நடந்தது என்று கேட்டதற்குக் கீப்பர் சொன்னது எனக்கும் கேட்டது: "கோட்டு மேல விழுந்தேன். கண்ணுக்குள்ள போயிட்டு."

அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"எறிஞ்சாங்கன்னு சொன்னா எங்க தெருவே லாரி புடிச்சு வந்து எறங்கும். ஒங்க ஊருல நாலு பேராவது சாவாங்க. பொறவு எங்க ஊருல நாலு பேரு. அதான் சொல்லல. ஒமக்காக இல்ல."

"அவனுக்குத் தெரியுமா, யாருன்னு?"

"வெயிலுல மூஞ்சி தெரியலயாம். சத்தம்தான் கேட்டுச்சாம்."

மறுநாள் புரவலர் கடைக்கு வந்தார். யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கியவன் தெளிவாகத் தெரிகிறான். கோல்போஸ்ட் பக்கம் வெள்ளையாக ஒரு புகை எழும்புகிறது, அவ்வளவுதான். "நல்ல வேளை அண்ணாச்சி, வீடியோவுல நீங்க விழல" என்றார். அந்தப் புகையை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. கை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியவில்லை என்றால் நிம்மதியும் வரும், எரிச்சலும் வரும். கண்டக்டரிடம் ஒரு நாள் கேட்டேன், நீங்கள் பார்த்தீர்களா என்று. "பாத்தேன்னு சொல்லணுமா, பாக்கலன்னு சொல்லணுமா? எதுன்னு சொல்லும், அதையே சொல்லுதேன்" என்றார். அதிலிருந்து என்னோடு நிற்கிறார், என் சட்டையைப் பிடிப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து அவர்கள் ஊருக்குப் போனேன். கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. வாசலில் நின்று, "யாரும் இருக்கியளா?" என்றுதான் கேட்டேன். உள்ளே ஏதோ தட்டு விழுகிற சத்தம். கண்ணில் கட்டோடு அவன் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா வெளியே வந்தாள். நான் கொண்டுபோன பழங்களை வாங்கவில்லை.

"ஒம்ம சத்தத்தக் கேட்டாலே இப்படிதான் ஓடுதான். இனும வராதேயும்."

கோடு போடுவதை விட்டேன். முதுகு வலி என்று சொன்னேன். இப்போது பெயிண்ட் அடிக்கிற வண்டி ஒன்று வந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனால் நேராக விழுகிறது. கண்ணில் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். அதைச் சொன்னவனுக்கு என்ன தெரியும்.

இரண்டாம் பிரிவிலும் கிளப் தேறவில்லை. அடுத்த வருஷம் கடைசி ஆட்டம் வரை ஒரு வெற்றிகூட இல்லை. இன்னும் ஒரு படி கீழே போகிற நிலைமை. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் தப்பிக்கலாம் என்று மறுபடியும் அதே கதை. எதிரே ஒரு கடற்கரை அணி. கீப்பர் அவன்தான்.

கறுப்புக் கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை. நெஞ்சில் சிலுவை போட்டு, இரண்டு போஸ்ட்டையும் தொட்டான். இந்த முறை வலது கையால். இடது கண் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பந்து வரும்போது தலையை முழுதாகத் திருப்புவான். நான் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, இடது பக்கம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் கிளப்பை நான் பார்க்கவே இல்லை. அவன் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்கள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "இடது பக்கம் அடிங்கலே. குருடன் நிக்கான்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. போன வருஷம் நான் கத்தியிருப்பேன், எனக்கும் சிரித்திருப்பார்கள். அந்தப் பையனின் கழுத்தைப் பிடித்துக் கயிற்றோடு சேர்த்து நெரிக்க வேண்டும் என்று இருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவன் ஐந்து பந்துகளைத் தடுத்தான். ஒன்றை மூஞ்சியால் தடுத்தான், மூக்கில் ரத்தம் வந்தது. கோல் இல்லாமல் கடைசி நிமிஷங்கள் வந்துவிட்டன. வலது பக்கம் கூட்டமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், அவன் அங்கே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து திடீரென்று கூட்டத்திலிருந்து கழன்று இடது பக்கம் தனியாக நின்ற எங்கள் ஆளிடம் போனது. அவன் காலைத் தூக்கிவிட்டான். கீப்பர் இன்னும் திரும்பவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

நாற்பது வருஷம் ஒரு கிளப்பைப் பார்த்தவன் செய்யக் கூடாததைச் செய்தேன்.

"லே, இடது. இடது பக்கம் பாரு."

முழுக் குரல். ஆற்றங்கரை வரை போகிற அதே குரல்.

அவன் பந்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டு, அப்படியே கோட்டின்மேல் மடங்கி உட்கார்ந்தான். பந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் மெதுவாகப் போய் வலையில் விழுந்தது.

அந்த வருஷத்தின் ஒரே வெற்றி. ஸ்பீக்கரில் பாட்டு வெடித்தது. பின்னாலிருந்த பையன்கள் கயிற்றைத் தாண்டி வந்து என்மேல் விழுந்தார்கள்.

"அண்ணாச்சி கத்துன கத்துல கீப்பருக்குக் கொலயே நடுங்கிட்டு."

"இவரு கோலுவே இது. இவர எங்கன இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்திய?"

என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். என் காலைப் பிடித்திருந்த கைகள் சின்ன வயசுக் கைகள், இரும்பு மாதிரி இருந்தன. உதைத்தேன், அவர்கள் அதையும் ஆட்டம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மேலிருந்து எல்லாம் தெரிந்தது. தூரத்தில் கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்து போனார். எதிர்ப்பக்கத்தில் அந்த உயரமான பெண் எழுந்து நின்று என்னையே பார்த்தாள். கீழே அவன் முகத்தைப் பொத்திய கைகளை இன்னும் எடுக்கவில்லை. அவன் ஆட்களே அவன் முதுகில் உதைத்துக்கொண்டிருந்தார்கள், எழுந்திருலே, எழுந்திரு என்று.

இறக்கி விடுங்கலே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். அவன் கைகள் முகத்தில் இன்னும் இறுகின.

வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.